கிளிப் சட்டம்

கோமதிசங்கர் போட்ட சட்டம்தான் அது. பொம்மைக் கார் ஓட்டுகிற நாலு பேருக்கு எதுக்கு வே சட்டம் என்று நண்பர் பாலசுப்பிரமணியன் ஆரம்பத்திலேயே கேட்டார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது அவருக்கு. கோமதிசங்கர் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் சிரஸ்தார், குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைமை. கேஸ் கட்டு கலைந்திருந்தால் பொறுக்காது, கையெழுத்து கோணினால் பொறுக்காது, வீட்டில் காப்பி டம்ளர் வைத்த இடத்தில் இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் மனைவி சித்ரலேகா பாடு திண்டாட்டம். அப்பேர்ப்பட்ட மனுஷர் பொழுதுபோக்கு என்று ஒன்றைப் பிடித்தால் அதையும் ஆபீஸ் ஆக்காமல் விடுவாரா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொம்மைக் கார் என்று அவர் காதுபடச் சொல்லக் கூடாது. கடையில் தொங்குகிற சாமான் இல்லை அது. ஜப்பானில் இருந்து பெட்டியில் உதிரி உதிரியாக வரும். சக்கரம் தனி, மோட்டார் தனி, பல்சக்கரம் தனி. படத்தைப் பார்த்துத் திருகு திருகாக முறுக்கி நாமே கட்ட வேண்டும். கட்டி முடித்தால் முழங்கை நீளத்துக்கு ஒரு வண்டி நிற்கும். சார்ஜ் ஏற்றிய பாட்டரியைச் சொருகிவிட்டு, கையிலிருக்கும் ரிமோட்டில் விசையைத் தள்ளினால் சைக்கிளில் போகிறவனை முந்திக்கொண்டு போகும். கோமதிசங்கரோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த காயல்பட்டினம் தாவூது, சார்ஜாவில் இந்த வண்டிகளை மட்டுமே விற்கிற கடை ஒன்றில் வேலைக்கு இருந்தான். லீவில் வரும்போதெல்லாம் ஒரு பெட்டி கொண்டு வருவான். அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

அங்கேயே ஒரு சிக்கலும் வந்தது. ஒவ்வொரு ரிமோட்டுக்குள்ளும் நகக்கண் அளவுக்கு ஒரு கிறிஸ்டல் இருக்கும். அதன் ஜோடி வண்டிக்குள் இருக்கும். ஜோடிக்கு ஒரு நம்பர். நம்பர் வேறு வேறு என்றால் நாலு வண்டியும் சேர்ந்தே ஓடலாம். தாவூது கொண்டு வந்ததோ கடையில் விற்காமல் தேங்கின சரக்கு; நாலும் ஒரே நம்பர். ஒருவர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தன் ரிமோட்டின் ஸ்விட்சைப் போட்டால் போதும், ஓடுகிற வண்டிக்கு யார் சொல்லைக் கேட்பது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பது எதுவோ அதன் பேச்சைக் கேட்டுக்கொண்டு தறிகெட்டு ஓடும்.

அதற்குத்தான் கிளிப். சித்ரலேகாவின் துணிக்கொடியிலிருந்து எடுத்து வந்த சிவப்புப் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று. அது யார் சட்டைப் பையில் இருக்கிறதோ அவர்தான் ஸ்விட்சைப் போடலாம். மற்றவர்கள் ரிமோட் எல்லாம் களத்து ஓரத்தில் விரித்த சாக்கின்மேல் படுத்திருக்க வேண்டும். கையில்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலசுப்பிரமணியன், லைட் எரியுதான்னு பாப்போமே என்று சாக்கின்மேல் இருந்த தன் ரிமோட்டில் கை வைத்தார். ஸ்விட்சைப் போடக்கூட இல்லை, கை வைத்தார், அவ்வளவுதான். கோமதிசங்கர் அன்றைக்குப் பேசிய பேச்சில், பாங்கில் பெரிய உத்தியோகம் பார்க்கிற பாலு அப்புறம் பல வாரம் களத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்தக் களமே அவர் மாமனாருடையது. கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய் ஓரத்தில் ஓட்டம் நின்றுபோன ரைஸ்மில் ஒன்று. நெல் காயப்போட்ட சிமெண்ட் களம் மட்டும் மழமழவென்று அப்படியே கிடந்தது. வண்டி ஓட்ட அதைவிட இடம் ஏது?

நாலாவது ஆள்தான் நாறும்பூநாதன். கோமதிசங்கரின் தங்கை விஜயஸ்ரீயைக் கட்டியவர். நல்ல மனுஷர். அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் அதைச் சொல்லிவிட்டு அப்புறம் ஒரு பெருமூச்சு விடுவார்கள். ஊதுபத்தி ஏஜென்சி எடுத்தார், கையைக் கடித்தது. வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிற கடை வைத்தார், வைத்த கையோடு தெருவுக்குக் கேபிள் வந்தது. அவர் கை வைத்தால் விளங்காது என்று சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில் அவரை வைத்துக்கொண்டே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அதைச் சொல்லாத ஒரே ஆள் விஜயஸ்ரீ. அவள் பாட்டுக்கு உளுந்துமாவை இடித்துப் பிசைந்து, இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அப்பளம் போட்டுக் குடும்பத்தை ஓட்டினாள். வயலும் தோப்புமாக இருந்த வீட்டுப் பெண் அப்பளம் போட்டு விற்கிறாள் என்பதைக் கோமதிசங்கர் ஆபீசில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. நாறும்பூநாதன் மேல் அவருக்கு இருந்த எரிச்சலுக்கு அதுதான் காரணம்.

களத்துக்கு நாறும்பூநாதனைக் கூட்டி வந்ததும் கோமதிசங்கர்தான், வேடிக்கை பார்க்க. தாவூது ஒரு தடவை பல்சக்கரத்தில் பல் உடைந்துபோன பழைய வண்டி ஒன்றைக் கொண்டு வந்து, 'இத வச்சு வெளையாடுங்க அண்ணாச்சி' என்று நாறும்பூநாதனிடம் கொடுத்துவிட்டுப் போனான். மனுஷர் அதைப் பிரித்தார். பிரித்தது பிரித்தபடி கிடக்கப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ அச்சு சுழல்கிற பிளாஸ்டிக் புஷ் இருந்த இடத்தில் எல்லாம் குட்டி பேரிங் தேடிப் போட்டார். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கையும் தையல் மிஷின் எண்ணெயையும் வைத்து நாலு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் செய்தார். ஹவாய் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டி அடுக்கி ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து டயர் ஆக்கினார். அந்த டயர் சிமெண்டைக் கவ்விப் பிடிக்கிற பிடியில், வளைவில் மற்றவர்கள் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அவருடையது அப்படியே ஒட்டிக்கொண்டு திரும்பும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கோமதிசங்கருக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன. ஆனால் அவரிடம் கேட்டிருந்தால் 'டயர் தேஞ்சிருமே மாப்ளே' என்பதுதான் பதிலாக வந்திருக்கும்.

அந்த வருஷம் தாவூது லீவில் வந்தபோது ஒரு சேதியோடு வந்தான். கடையில் வண்டி கட்டிக் கொடுக்கிற, ரிப்பேர் பார்க்கிற பிலிப்பைன்காரன் ஊரோடு போகிறானாம். கடை முதலாளியான அரபி, தாவூது வாயில் 'அர்பாப்', ஆள் பார்க்கிற பொறுப்பைத் தாவூதிடம் விட்டிருந்தார்.

"அண்ணாச்சி கட்டின வண்டி ஓடுதத ஒரு தடவ கண்ணால பாத்துக்கிடுதேன்" என்றான் தாவூது. "நாளைக்கி அர்பாப் கேட்டா நான் பாத்தேன்னு சொல்லணும்லா. பாத்துட்டன்னா மறுநாளே பாஸ்போர்ட் காப்பிய அனுப்பிருவேன். விசா, டிக்கெட்டு எல்லாம் அவரு செலவு."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

அன்றைக்கு விஜயஸ்ரீ விடிந்ததுமே களத்துக்கு வந்துவிட்டாள். கால்வாய்ப் பக்கத்து மூலையில் பாய்களை விரித்து அப்பளம் காயப்போடுவது அவள் வழக்கம். கோமதிசங்கர் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, இது ஒண்ணு அமைஞ்சிட்டா போதும். பாவநாசத்துக்கு நேந்திருக்கேன். நீயும் தாவூது அண்ணன்ட்ட ஒரு வார்த்த நல்லதாச் சொல்லு."

"சொல்லாம என்ன. நீ போய் வேலையப் பாரு" என்றார் கோமதிசங்கர்.

நாறும்பூநாதன் புதுச் சட்டை போட்டிருந்தார். சிவப்புக் கிளிப்பைக் கோமதிசங்கரே எடுத்து அவர் பையில் மாட்டிவிட்டார். வண்டி கிளம்பியது. அடடா, என்ன ஓட்டம். களத்தை நாலு சுற்று சுற்றி, செங்கல் நட்டுவைத்த இடைவெளிகளில் பாம்பு மாதிரி நுழைந்து நுழைந்து வெளியே வந்து, தாவூதின் காலடிக்கு நேராகப் பாய்ந்து வந்து சொல்லி வைத்தாற்போல நின்றது. தாவூது கையைத் தட்டினான். 'மாஷா அல்லாஹ், எங்க கடையில கட்டுத வண்டி இப்பிடித் திரும்பாது வே' என்று பாலுவிடம் சொன்னான். நாறும்பூநாதன் முகத்தை அந்த நேரம் பார்க்க வேண்டுமே. பந்தியில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. விஜயஸ்ரீ அப்பளத்தைப் புரட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு ஓட்டம், முழு வேகத்தில், என்று தாவூது கேட்டான்.

கோமதிசங்கர் அப்போது கால்வாய்ப் பக்கம், விஜயஸ்ரீக்குப் பின்னால், தனியாக நின்றார். வளைவில் வண்டி எப்படித் திரும்புகிறது என்று பார்க்க வந்தவர். கையில் அவருடைய ரிமோட். சாக்கின்மேல் இருக்க வேண்டிய சாமான் அவர் கைக்கு எப்படி வந்தது? அடுத்த முறை அவருடையது. ரிமோட்டில் புதுப் பாட்டரி போட்டிருந்தார். ஏரியலையும் இழுத்து விட்டிருந்தார். தன் வண்டியில் என்ன செய்தால் இந்த வளைவை இதே மாதிரி எடுக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டரி சரியாக இருக்கிறதா என்று காட்டுகிற முள் ஒன்று அந்த ரிமோட்டில் உண்டு. முள் ஏறுகிறதா என்று பார்த்துவிடுவோமே என்று வலது கட்டைவிரல் ஸ்விட்சைத் தள்ளியது. இடது கட்டைவிரல், வண்டி ஓட்டிப் பழகின விரல் இல்லையா, விசையை முன்னால் தள்ளியபடி இருந்தது.

முள் நன்றாகத்தான் ஏறியது.

நாறும்பூநாதன் வண்டி வளைவில் திரும்பவில்லை. நேராக வந்தது. முழு வேகத்தில் விஜயஸ்ரீயின் பாய்மேல் ஏறி, அப்பளத்தை எல்லாம் நொறுக்கிக்கொண்டு, அவள் காலை மயிரிழையில் விட்டுவிட்டு, கால்வாய்ச் சுவரில் மோதி எகிறித் தண்ணீரில் விழுந்தது. தான் என்ன செய்தோம் என்பது கோமதிசங்கருக்கு உறைத்து ஸ்விட்சை அணைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. எல்லோர் கண்ணும் கால்வாயில். அவர் பையப் பைய ஏரியலை உள்ளே தள்ளினார். தள்ளி, ரிமோட்டைத் தோள்பைக்குள் போட்டு, ஜிப்பையும் இழுத்துவிட்டார். அந்த ஜிப்பை இழுத்தாரே, அதுதான். அதுவரைக்கும் நடந்தது கைப்பிசகு. அதற்கப்புறம் நடந்தது வேறு.

நாறும்பூநாதன் புதுச் சட்டையோடு தண்ணீரில் இறங்கி வண்டியை எடுத்து வந்தார். ஒழுக ஒழுக அதைச் சாக்கின்மேல் வைத்துத் திறந்தார். உள்ளே சிவப்பு ஒயர் ஒன்று பற்றவைத்த இடத்தில் விட்டுக்கொண்டு தொங்கியது.

"இதான் போல" என்றார். ஒயரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "நான் நல்லாப் பத்தவச்ச மாதிரிதான் இருந்துச்சு."

தாவூது குனிந்து பார்த்தான். சுவரில் மோதியதில் விட்டதா, அதற்கு முன்பே விட்டதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் போனதால் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. அவன் நிமிர்ந்து கோமதிசங்கரைப் பார்த்தான்.

"நீரு என்ன வே சொல்லுதீரு? நீருதான் பக்கத்துல நின்னீரு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. பாலு முகத்தில் எப்படி முழிப்பது என்று முதலில் தோன்றியது. அப்புறம், சட்டம் போட்டவனே இப்படியா என்று இவர்கள் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்களே என்று தோன்றியது. தங்கச்சி வீட்டுக்காரர் பிழைப்பு மூன்றாவதாகத்தான் தோன்றியது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஈயம் சரியாப் பிடிக்கல போல" என்றார் கோமதிசங்கர்.

சிரஸ்தார் சொல்லிவிட்டார். தீர்ப்பு எழுதின மாதிரி ஆயிற்று. தாவூது உச்சுக்கொட்டினான். அவனையும் குறை சொல்ல முடியாது. 'எங்க கடையில புள்ளைங்க வந்து நிக்கும் அண்ணாச்சி. தங்கச்சி கால்ல பட்டிருந்தா என்ன ஆவும்? நான் எப்பிடிப் பொறுப்பேத்துக்கிட?' என்று தன்மையாகத்தான் சொன்னான். நாறும்பூநாதன் தலையை ஆட்டினார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விஜயஸ்ரீ நொறுங்கின அப்பளத்தை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். புருஷன் முன்னால் நின்றாள். அத்தனை வருஷம் ஊரே சொல்லியும் அவள் வாயில் வராத வார்த்தை அன்றைக்கு வந்தது.

"ஒங்க கை பட்டது எதுதான் வெளங்கிருக்கு" என்றாள்.

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. நாறும்பூநாதன் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வண்டியைச் சாக்கில் சுருட்ட ஆரம்பித்தார்.

அந்த வாரம் கோமதிசங்கர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேஷ்டி மடிப்புக் கலையாமல் ஆபீஸ் போனார், கட்டுகளை அடுக்கினார், கீழே இருப்பவர்களை விரட்டினார். மனசு மட்டும் வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டே இருந்தது. எப்படியும் அந்த ஒயர் என்றைக்காவது விட்டிருக்கும். சார்ஜா வெயில் நாறும்பூநாதனுக்கு ஒத்துக்கொள்ளாது. போய் இரண்டு மாசத்தில் திரும்பி வந்தால் தாவூதுக்கும் கெட்ட பேர், தங்கச்சிக்கும் அவமானம். ஆக, நடந்தது ஒருவகையில் நல்லதுக்குத்தான். இப்படி எல்லாம் தனக்குத்தானே எடுத்துச் சொல்லுவார். ஒன்றும் எடுபடவில்லை. கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஒரு கிழவன் ஏறி நின்று, 'நான் சொல்வதெல்லாம் உண்மை' என்று சொன்னபோது, சிரஸ்தார் ஐயா குனிந்து விழுந்துபோன குண்டூசியைத் தேடினார். குண்டூசி ஒன்றும் விழவில்லை.

வாரக் கடைசியில் விஜயஸ்ரீ வழக்கம்போல பஸ் கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தாள். எல்லாம் நொறுங்கின அப்பளம். விற்க முடியாதது. சித்ரலேகா அதைப் பொரித்துச் சாம்பார் சாதத்தோடு வைத்தாள்.

"பாவம் விஜி" என்றாள் சித்ரலேகா. "அவளுக்கு ஒரு நல்ல காலம் வரவே வராதா? அவர் இப்பம் ஸ்குரு டிரைவரத் தொடவே மாட்டேங்காராம். பக்கத்து வீட்டு மிக்ஸியப் பாக்கச் சொன்னதுக்கு, என் கையில கொடுக்காதீங்கன்னுட்டாராம்."

கோமதிசங்கர் ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். எழுந்து கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, 'தாவூதப் பாத்துட்டு வாரேன்' என்று கிளம்பிவிட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. சித்ரலேகா வாசல்வரை வந்து பார்த்தாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காத ஆளாயிற்றே.

திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, ஆறுமுகநேரியில் இறங்கி வேறு பஸ் மாறி, காயல்பட்டினம் போய்ச் சேர்ந்தார். தாவூது வீட்டு நடையில் அட்டைப்பெட்டிகள் கட்டி முடித்துக் கிடந்தன. மறுநாள் பயணம். தாவூது மனைவி உள்ளேயிருந்து எலுமிச்சை சர்பத் கொடுத்துவிட்டாள். கோமதிசங்கர் அதைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஸ்விட்ச், முள், ஜிப் எல்லாம். தாவூது ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"லேட்டாச் சொல்லுதீரே வே" என்றான் கடைசியில். "எம் பொஞ்சாதி தம்பி ஒருத்தன் சும்மா இருக்கான்னு அவன் காப்பிய மறுநாளே அனுப்பிட்டேன். நேத்து விசா அடிச்சு வந்திருச்சு."

"ஒண்ணும் செய்ய முடியாதா?"

"வந்த விசாவ என்ன செய்ய? அவங்கிட்டப் போய் நீ போவாதன்னு சொல்லவா?"

தாவூதுக்குக் கோபம் பைய ஏறியது.

"தெரியாம ஸ்விட்சப் போட்டீரு, சரி. மனுசன்தான். அத மறச்சீரு, அதும் சரின்னு வச்சுக்கிடுவோம். அந்த மனுசரு வேலைல குத்தம்னு நீரு ஏன் வே வாயத் தொறந்து சொன்னீரு? ஒம்ம யாரு கேட்டா?"

"நீருதான் கேட்டீரு."

"ஆமா, நான்தான் கேட்டேன்" என்றான் தாவூது. "ஒம்மப் போயி கேட்டேன் பாரும்." கொஞ்ச நேரம் அட்டைப்பெட்டிக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். "போயி அவர்ட்டச் சொல்லும். எனக்குச் சொல்லி என்ன புண்ணியம்."

ஞாயிற்றுக்கிழமை கோமதிசங்கர் கல்லிடைக்குறிச்சிக்குப் போனபோது நாறும்பூநாதன் வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து, நூலை வைத்துப் பிசைந்த மாவை வில்லை வில்லையாக அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விஜயஸ்ரீ பலகையில் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்கு வருகிற பெண்கள் அன்றைக்கு இல்லை.

"வாங்க அத்தான்" என்று நாறும்பூநாதன் எழுந்தார். "இப்பம் இந்த உத்தியோகந்தான். இதுல நம்ம கெடுக்கதுக்கு ஒண்ணும் இல்ல பாருங்க." சிரித்தார். பந்தியில் சிரிக்கிற சிரிப்பு.

கோமதிசங்கர் உட்காரவில்லை. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் வாசலிலேயே போய்விட்டது.

"மாப்ளே, அன்னிக்கு ஒங்க வண்டி கெட்டதுக்குக் காரணம் நான். நீங்க ஓட்டும்போது நான் என் ரிமோட்டுல ஸ்விட்சப் போட்டுட்டேன். கால்வாப் பக்கம் நின்னுக்கிட்டு. யாரும் பாக்கல. நானும் சொல்லல. தாவூதுட்டச் சொல்லிட்டேன். அந்த வேல வேற ஆளுக்குப் போயிருச்சு."

நாறும்பூநாதன் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்துவிட்டார்.

"அத்தான், ஒங்க வீட்டுல சொல்லி அனுப்பிச்சாகளா?"

"யாரும் சொல்லல. நெசமாத்தான் சொல்லுதேன்."

"நீங்களாவது, கிளிப் இல்லாம ஸ்விட்சப் போடவாவது. பாலு அண்ணாச்சி தொட்டதுக்கே என்ன பாடு படுத்தினிய. என் மனசு ஆறட்டும்னு ஒங்க மேல பழியப் போட்டுக்கிடுதிய." அவர் கண் கலங்கிவிட்டது. "இதுக்காக இவ்வளவு தூரம் பஸ்ஸேறி வந்தியளே. விஜி, ஒங்க அண்ணன் மாதிரி ஒரு ஆளு யாருக்குக் கெடைக்கும், சொல்லு. சோத்த வடி, அத்தான் சாப்பிட்டுட்டுத்தான் போணும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தார் கோமதிசங்கர். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் அதுவும் சரி என்று தயாராகி வந்தார். இப்படித் தலையில் தூக்கிவைத்துக்கொள்வார் என்று அவர் கண்டாரா? சட்டம் சட்டம் என்று ஊரைப் போட்டு வாட்டியதற்கு, கடைசியில் உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லாமல் போயிற்று. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, சரி இப்படியே இருந்துவிட்டால்தான் என்ன என்றுகூட அவருக்குத் தோன்றியது. அப்படியும் ஒரு மனசு.

விஜயஸ்ரீ சிரிக்கவில்லை. அப்பளம் இடுகிற கை நின்றிருந்தது. சின்ன வயசிலிருந்து அண்ணன் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள். எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"விஜி, அத்தானப் போயி" என்று நாறும்பூநாதன் குறுக்கே வந்தார்.

"நீங்க இருங்க. பண்ணுண்ணே."

கோமதிசங்கர் தங்கை தலையில் கையை வைத்தார். தலைமுடியெல்லாம் மாவுப்பொடி.

"சத்தியமா நான்தான் விஜி."

கூடப் பிறந்தவள் தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்கிறவன் எவனும் இல்லை என்பது நாறும்பூநாதனுக்குத் தெரியும். அவர் மெதுவாகத் தன் இரண்டு கையையும் வேஷ்டியில் துடைத்தார்.

"அப்பம் ஈயம் பிடிச்சுத்தான் இருந்துச்சா அத்தான்?"

"பிடிச்சுத்தான் இருந்துச்சு மாப்ளே. சொவத்துல மோதினதுலதான் விட்டுப்போச்சு. ஒங்க வேலைல ஒரு குத்தமும் இல்ல."

நாறும்பூநாதன் சார்ஜாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் அத்தான் இப்படிச் செஞ்சிய என்றும் கேட்கவில்லை. 'நான் நல்லாத்தான் பத்தவச்சேன், எனக்கு அன்னிக்கே தெரியும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டார். 'பாலு அண்ணாச்சி மாமனார் வீட்டுக்கு வந்திருக்காக. ஒரு எட்டு போயிச் சொல்லிட்டு வந்திருதேன்' என்று படி இறங்கினவர், திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'ஒங்க பேரச் சொல்லமாட்டேன் அத்தான், யாரோ தெரியாமப் போட்டுட்டாகன்னு சொல்லிக்கிடுதேன்' என்றார். சின்னப் பையன் போலத் தெருவில் வேகமாக நடந்து போனார்.

கோமதிசங்கர் அங்கேயே நின்றார். ஆபீசில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற மனுஷருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"விஜி, என்னைய நாலு வார்த்த ஏசிரு. இப்பிடிச் சும்மா நிக்காத."

"ஒன்ன ஏசி என்ன வரப்போவுது" என்றாள் விஜயஸ்ரீ. "ஊரே அவுகளச் சொல்லும். ஒரு நாளும் நான் சொன்னதில்ல. அன்னிக்கு ஈயம் பிடிக்கலன்னு நீ சொன்ன. அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நானும் சொல்லிட்டேன். அத்தன பேர வச்சுக்கிட்டு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவுக எங்கிட்ட முகம் கொடுத்து ஒரு பேச்சுப் பேசல தெரியுமா. சிரிக்காக, நூலப் பிடிக்காக, மாவறுக்காக. ராத்திரி சோறு போட்டாப் போதும்னு கைய மட்டும் காட்டுதாக."

கோமதிசங்கர் வாசல் பக்கம் பார்த்தார்.

"நீ சொல்லிட்ட. இனி பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸேறிப் போயிருவ. இப்பம் அவுக சந்தோசமாத் திரும்பி வருவாக. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுக முன்னால போயி நிக்க? அதயும் நீயே சொல்லிட்டுப் போ."

விஜயஸ்ரீ உட்கார்ந்து, புருஷன் அறுத்து வைத்திருந்த வில்லைகளில் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து இட ஆரம்பித்தாள்.